கூட்டம் கூடாது

நான் படித்த அரசாங்கக் கல்லூரியில், உள்ளே நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் அறிவிப்புகளை ஒட்டுவார்கள். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். பரீட்சைத் தேதி வரும், போகும். கல்லூரிச் சம்பளம் கட்டக் கடைசி நாள் வரும், போகும். ஒரு காகிதம் மட்டும் பழுப்பேறிப்போய் எப்போதும் அங்கேயே இருந்தது. இங்கிலீஷில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்ததைத் தமிழில் சுருக்கமாக முடித்திருந்தார்கள்: கூட்டம் கூடாது.

அந்த இங்கிலீஷின் சாரம் இதுதான். பிரின்சிபாலிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அவர் அனுமதித்தால், அவர் சொன்ன அறையில், அவர் சொன்ன நேரத்தில், அவர் ஒத்துக்கொண்ட பொருளைப் பற்றி மாணவர்கள் கூடிப் பேசலாம். அரசியல் பேசக்கூடாது. எது அரசியல் என்பதையும் அவரே சொல்லுவார். எங்கள் சரித்திர வாத்தியார் வகுப்பில் பேச்சுரிமையைப் பற்றிப் பிரமாதமாகப் பாடம் நடத்துவார். ராஜாவையே எதிர்த்து நின்று இங்கிலாந்துக்காரன் வாங்கிய உரிமையாம். அதைப் பரீட்சைத் தாளில் எழுதினால் மார்க். வராந்தாவில் நின்று சொன்னால் அபராதம்.

ஒருமுறை தமிழ்ச் சங்கத்தில் மழையைப் பற்றிப் பேச அனுமதி வாங்கினோம். மழைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கொடுத்துவிட்டார்கள். ஒரு பையன் எழுந்து மழை பொய்த்ததைப் பற்றிப் பேசினான். அதிலிருந்து அரிசி விலைக்குப் போனான். விளைகிற அரிசி யார் வயிற்றுக்குப் போகிறது என்று ஆரம்பித்தான். தலைமை வகித்த லெக்சரர் மணியை அடித்து உட்கார வைத்துவிட்டார். பொருளை விட்டு விலகிவிட்டானாம். மழை வேறு, சோறு வேறு என்று நினைக்கிறவனுக்குத்தான் அது விலகல். நான் அம்பத்தூர் ஏரித் தண்ணீரில் நெல் போடுகிற வீட்டுப் பையன். என் பற்கள் நறநறத்தது எனக்கே கேட்டது.

பிறகு நாற்பத்திரண்டாம் வருஷத்து அந்த ஆகஸ்ட் வந்தது. தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டார்கள். சேதி தெரிந்ததும் நாங்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கல் எறியவில்லை. தந்திக் கம்பி அறுக்கவில்லை. வெறுமனே உட்கார்ந்தோம். அனுமதி வாங்காமல் உட்கார்ந்ததுதான் குற்றம். பிரின்சிபால் துரை டெலிபோன் செய்தார். போலீஸ் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. பாடம் படிக்க வந்த இடத்தில், எங்கள் கல்லூரிக்குள்ளேயே, எங்களை அடித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் வலது மணிக்கட்டில் தடி விழுந்து எலும்பு ஒடிந்தது. அவன் அடியைத் தடுக்கத்தான் கையைத் தூக்கினான். துரை மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரியை மூடினார்கள், திறந்தார்கள். படிக்கட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஒடிந்த கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதைப் பேச வேண்டும் என்று முறைப்படி எழுதியே கேட்டோம். மாணவர்களுக்குப் பயன் தரும் பொருள் அல்ல என்று பதில் வந்தது. பரீட்சை எழுதுகிற கையை ஒடித்துவிட்டு, அதைப் பேசினால் பயனில்லை என்கிறான். இன்றைக்கு அதை நினைத்தாலும் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது.

எனக்கு அப்போது ஒரு சிநேகிதன் உண்டு. பூந்தமல்லிக்காரன். அவன் அத்தா அங்கே கடைத்தெருவில் அரிசி வியாபாரம் செய்தார். யுத்தத்தில் பெட்ரோல் கிடையாது, கரியை எரித்து ஓட்டுகிற பஸ்தான். அது குமணன்சாவடி தாண்டுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கும். அதனால் அவன் ஆவடிக்கு சைக்கிள் மிதித்து வந்து ரயில் ஏறுவான். அடுத்து நான் அம்பத்தூரில் ஏறுவேன். எனக்காகப் பெஞ்சில் புத்தகத்தைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பான். அவன்தான் சொன்னான்.

"மச்சான், காலேஜ்ல பேசக்கூடாதுன்னான், சரி. ரயில்ல பேசக்கூடாதுன்னு எவன் சொன்னான்? ரயிலு இன்னா தொரையோட மாமியா ஊட்டு சீதனமா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் காலையிலேயே பேசினேன்.

அந்த வண்டியில் அப்போது மூச்சு விட இடம் இருக்காது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்திலிருந்து ஓடிவந்தவர்கள் பாதிப்பேர் எங்கள் பக்கமே வாடகைக்குத் தங்கிவிட்டார்கள். காலையில் எல்லாரும் பட்டணத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். நான் பேச்சாளன் இல்லை. பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் நின்று, கல்லூரிக்குள் போலீஸ் வந்ததையும், ஒரு பையன் கையை ஒடித்ததையும், அதைப் பற்றிப் பேசக்கூட விடாமல் செய்ததையும் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் கத்தாமல் முடியாது.

வேப்பம்பட்டிலிருந்து கீரைக் கூடையோடு வருகிற ஒரு அம்மா கீழே உட்கார்ந்திருந்தாள். என் முழங்காலில் தட்டினாள்.

"கால எடு தம்பி. மொளக்கீரை மேல நின்னுகினு பேசற."

சிரித்தார்கள். யாரோ ஒருவர், "சொல்லட்டும் உடும்மா," என்றார்.

"சொல்லட்டும், யாரு வாணாம்னா? கீரைய உட்டு எறங்கி நின்னு சொல்லட்டும்."

நான் காலை நகர்த்திவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். சிலர் கேட்டார்கள், சிலர் தூங்கினார்கள். வில்லிவாக்கத்தில் இன்னும் ஜனம் ஏறியது. அவ்வளவுதான் நடந்தது.

அந்த வாரமே பிரின்சிபால் என்னையும் சிநேகிதனையும் கூப்பிட்டார். யார் போய்ச் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. ரயில் கல்லூரி இல்லையே என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். துரைக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மேஜையில் என் சீசன் டிக்கெட்டை வைக்கச் சொன்னார். மாணவனுக்கு அதில் பாதிக் கட்டணம். இந்த மாணவன் என்னுடைய கல்லூரிக்காரன் என்று பிரின்சிபால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ரயில்வே அந்தச் சலுகை தரும். என் கையெழுத்தில் நீ பயணம் போகிறாய், ஆகவே அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் நீ என் கல்லூரிக்குள்தான் இருக்கிறாய் என்றார். இரும்புத் தண்டவாளம், மூன்றாம் வகுப்புப் பெட்டி, கீரைக்கூடை எல்லாம் அவருடைய கல்லூரி. இப்படியே போனால் என் வீட்டு வாசற்படியும் அவருடையதுதான்.

விசாரணை என்று ஒன்று வைத்தார். அந்தக் கீரைக்கார அம்மா எங்கள் கல்லூரி ஹாஸ்டல் சமையலுக்கும் கீரை போடுகிறவள். அது யாருக்கோ தெரிந்திருக்கிறது. கூடையோடு அழைத்துவந்து நிறுத்தினார்கள். துரை இங்கிலீஷில் கேட்பார். ஹெட் கிளார்க் அதைத் தமிழில் கேட்டு, அவள் பதிலை இங்கிலீஷில் சொல்லி, எழுதியும் கொள்வார். ஹெட் கிளார்க் நம் ஆள்தான். நெற்றியில் திருநீறு, தலையில் தலைப்பாகை.

ரயிலில் கூட்டம் நடந்ததா என்று துரை கேட்டார். ஹெட் கிளார்க் அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு ரயில்ல கூட்டம் இருந்துச்சா?"

"கூட்டம்னா அப்படி இப்படி கூட்டமா சாமி? கால் வெக்க எடமில்ல."

பெரிய மீட்டிங் என்று இங்கிலீஷில் போனது. துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும்தானா என்றார்.

"தெனம் இப்படித்தானா?"

"தெனம்தான். ஞாயித்துக்கெழம கொஞ்சம் தேவல."

தினமும் மீட்டிங் நடக்கிறது என்று போனது. யார் கூட்டுகிறார்கள் என்று கேள்வி.

"யாரு கூட்டறாங்க?"

"எவன் கூட்டறான்? கூட்டறதுக்கு ஒருத்தனும் வர்றதில்ல சாமி. வேர்க்கடல தோலு, வாழைப்பழத் தோலு எல்லாம் அப்படியே கெடக்குது. நாங்கதான் தள்ளிட்டு உக்காரணும்."

என் சிநேகிதன் அடக்க முடியாமல் இருமினான். தலைவர் யாரும் இல்லாமல் ரகசியமாக நடக்கிறது என்று ஹெட் கிளார்க் சொன்னார். வேர்க்கடலைத் தோலை விட்டுவிட்டார். துரை தலையை ஆட்டிக்கொண்டார். அவர் பயந்தது இதற்குத்தானே.

நான் பொறுக்க மாட்டாமல், அவள் சொல்வது ஜன நெரிசலை, மீட்டிங்கை இல்லை என்று சொன்னேன். கேட்டால்தான் பேச வேண்டும் என்றார் துரை. ஹெட் கிளார்க் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவருக்குத் தெரியாதா? அவரும் அதே தமிழில்தான் பிறந்து வளர்ந்தார். அவர் வீட்டுக்காரியும் கடைத்தெருவில் கூட்டம் என்றுதான் சொல்லியிருப்பாள். துரைக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக் கொடுப்பதுதான் அவருக்கு உத்தியோகம். வெள்ளைக்காரன் மேல் வந்த கோபம் எனக்கு ஆறிவிட்டது. இந்த ஆள் மேல் வந்தது ஆறவில்லை.

போகலாம் என்றதும் அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புள்ள கை கூடிச்சா தம்பி?"

அந்தக் கல்லூரியில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். இன்னும் கூடவில்லை என்றேன். என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றார் ஹெட் கிளார்க்.

தீர்ப்பு சுலபமாக இருந்தது. நாங்கள் உறுதிமொழி எழுதித் தர வேண்டும், தகப்பனாரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வகுப்பில் உட்காரலாம், பரீட்சை எழுதலாம். போடாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள், சீசன் சலுகையும் போய்விடும். பிறகு எந்தக் கல்லூரியிலும் சேர்க்க மாட்டார்கள்.

சிநேகிதனின் அத்தா மறுநாளே வந்து போட்டுவிட்டுப் போனார். யுத்த காலத்தில் அரிசி வியாபாரம் சர்க்கார் லைசென்சில் நடக்கிறது. அவர் வேறு என்ன செய்வார். வெளியே வந்து அவன் என் தோளில் கை போட்டான்.

"மச்சான், இனிமே ரயில்ல டிக்கெட்டு எங்கேன்னு கேட்டாக்கூட நான் கையாலதான் காட்டணும்."

நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவ்வளவு வாய் உள்ளவனை அப்படி ஆக்கினார்களே என்றுதான்.

அடுத்து என் நைனா வந்தார். நைனாவுக்கு அரசியலும் தெரியாது, ஆகஸ்டும் தெரியாது. பையன் படித்து சர்க்கார் உத்தியோகத்தில் உட்கார வேண்டும். அதற்காகக் கழனியில் தனி ஆளாக நின்றார். விஷ ஜுரம் வந்து ஒரு காது அடைத்துப்போய், மறு காதும் பாதிதான். சலவை வேட்டி கட்டிக்கொண்டு, கையெழுத்துப் போடுவது என்று தீர்மானித்துத்தான் வந்தார். ஹெட் கிளார்க் தமிழில் எழுதிய தாளை நீட்டினார். காது கேட்காதவர் ஆகையால் நைனா எதையும் தானே படித்துத்தான் ஒத்துக்கொள்வார். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். என் மகன் கல்லூரியிலோ வெளியிலோ எந்தக் கூட்டத்திலும் இருக்கவோ பேசவோ மாட்டான் என்று வந்ததும் நிறுத்தினார்.

"சாமி, ஏரிக் கூட்டத்துக்கு இவன்தானே வரணும்?"

எங்கள் ஊரில் ஏரி நிரம்பினால், பாசனக்காரர்கள் கரையில் மடைக்குப் பக்கத்தில் கூடுவார்கள். யாருக்கு எப்போது தண்ணீர் என்று அங்கேதான் முடிவாகும். வீட்டுக்கு ஒரு வாய். வாய் திறந்து கேட்காத வீட்டுக்கு எல்லாரும் பாய்ச்சிய பிறகு மிஞ்சியதுதான். எங்கள் கழனி கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். நைனாவுக்குக் காது போனதிலிருந்து எங்கள் வீட்டு வாய் நான்தான்.

"அது வேற கூட்டம்யா. இது அரசியல் கூட்டம்," என்றார் ஹெட் கிளார்க்.

நைனாவுக்குக் கேட்கவில்லை. நான் காதருகில் சொன்னேன்.

"வேறன்னா வேறன்னு எழுதச் சொல்லு. இதுல எந்தக் கூட்டத்திலும்னு கீது."

விஷயம் துரைக்குப் போனது. துரை சிரித்தார். ரொம்ப நல்ல மனிதர் போலச் சிரித்தார். பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ எழுதினார். ஹெட் கிளார்க் அதைத் தமிழில் சேர்த்தார்: ஏரிப் பாசனக் கூட்டம் நீங்கலாக, அங்கும் பாசனம் தவிர வேறு எதுவும் பேசாமல். நைனா படித்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. பேனாவை வாங்கினார்.

எனக்கு அப்போது வந்த கோபம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அடித்தபோதுகூட வரவில்லை. எங்கள் ஏரி. எங்கள் கரை. அங்கே எங்கள் தண்ணீரைப் பற்றி நான் பேச, பட்டணத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் அனுமதி தருகிறார். அதையும் தாராளமாகத் தருகிறார். இன்று இதை வாங்கிக்கொண்டால், என்னிடம் இருந்ததெல்லாம் அவர் கொடுத்தது என்று ஆகிவிடும். நாளைக்கு அவரே திருப்பிக் கேட்கலாம். தாளின் மேல் கையை வைத்தேன்.

"நைனா, போடாத."

கேட்டதைத்தான் கொடுத்துவிட்டேனே, இப்போது என்ன என்றார் துரை. கொடுப்பதற்கு அது உங்களுடையது இல்லை என்று தமிழில் சொன்னேன். ஹெட் கிளார்க் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. அவரை நம்பி இனி ஒரு வார்த்தையும் விடுவதில்லை என்று, என் ஓட்டை இங்கிலீஷில் நானே இன்னொரு தரம் சொன்னேன். துரைக்கு நன்றாகவே புரிந்தது. பேனாவை மூடி வைத்தார்.

திரும்பி வருகிற ரயிலில் எனக்கும் நைனாவுக்கும் சண்டை. அவருக்குக் காது கேட்காது, அதனால் அவரும் கத்துகிறார், நானும் கத்துகிறேன். பெட்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கையெழுத்த போட்டுட்டு வந்து உன் இஷ்டத்துக்குப் பேசிக்கினா எவன் பாக்கப் போறான்?"

"பேசறதுக்கே பயந்துகினு பேசணுமா?"

"ஏர் புடிக்க வாணாம்னுதாண்டா உன்ன அனுப்புனேன். வா. இப்போ வந்து புடி."

அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி நைனா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். அந்த வாரமே என் பேரை அடித்தார்கள். நான் ஏர் பிடித்தேன். பக்கத்துக் கழனியில் இருப்பவரிடம் சொல்லி அனுப்புவாரே தவிர, நைனா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. வழக்கம்போலக் கரையில் கூடினோம். ஆரம்பிக்கும் முன்னே ஆவடிப் பக்கமிருந்து ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினான். யுத்த காலம், உத்தரவு இல்லாமல் எங்கேயும் கூட்டம் போடக்கூடாது என்றான்.

"பர்மிஷன் கீதா?"

ஊர் மணியக்காரர் முன்னால் வந்தார். மேல்மடையில் கழனி உள்ளவர். இளித்தார்.

"கூட்டம் இன்னா கூட்டம்? கூட்டம் போடலீங்க. தண்ணி பாக்க வந்தோம், கூட்டமா நிக்கிறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். கான்ஸ்டபிளும் சிரித்துவிட்டு, சரி, பார்த்தாகிவிட்டது அல்லவா, கலையுங்கள் என்றான். ஆட்கள் துண்டை உதறித் தோளில் போட ஆரம்பித்தார்கள். கலைந்து போனால் யாருக்கு லாபம்? தண்ணீர் முதலில் மேல்மடைக்குத்தான் பாயும். கேட்க இடம் இல்லாவிட்டால் கடைமடை காய வேண்டியதுதான். அது வேறு கூட்டம், இது வேறு கூட்டம் என்று ஹெட் கிளார்க் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை அந்த 'வேறு'.

"இது கூட்டம்தான்," என்றேன். "ஏரிக் கூட்டம். பேசத்தான் வந்தோம். பேசாம போக மாட்டோம்."

சிரிப்பு நின்றது. மணியக்காரர், "டேய், சும்மாயிருடா," என்றார். கான்ஸ்டபிள் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"உம் பேரு இன்னா?"

சொன்னேன். அப்பன் பேரும் சொன்னேன். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நைனா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். இதில் எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. கான்ஸ்டபிளின் தொப்பியைப் பார்த்தார், மணியக்காரர் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது கேட்காதவர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில், ஏரியின் அக்கரைக்கே கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

"இன்னாடா நிக்கிற? பேசு. போன வருசம் நம்ம மொறையில மேமடைக்காரனுங்க அவனுங்க மடையத் தெறந்து உட்டத மொதல்ல சொல்லு."

கான்ஸ்டபிள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். நான் போன வருஷத்து மடையிலிருந்து ஆரம்பித்தேன்.